கால்வாய் மேட்டுச் சத்தம்

கருத்தக்கண்ணனின் பிக்கப் வண்டியில் அந்தச் சத்தம் முதலில் கேட்டது ஒரு புரட்டாசி மாதத்துக் காலையில். மேலூர்ச் சாலையை விட்டு வயல்காட்டுக்கு இறங்கும் மண்பாதையில் கால்வாய்ப் பாலம் ஒன்று இருந்தது. பாலத்துக்கு முன்னால் பாதை கோணலாக மேடேறும். வண்டியின் வலது முன்சக்கரம் அந்த மேட்டில் ஏறியபோது, எங்கோ அடியில், ‘கடுக்’ என்றது. ஒரே ஒரு தடவை. சோளத்தட்டையை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி.

அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். குனிந்து பார்த்தான். சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏண்ணே நிப்பாட்டிட்டீக?” என்றாள் செல்லத்தாய். கூட்டத்தில் இளையவள், போன வைகாசியில் கல்யாணமாகி ஊருக்கு வந்தவள்.

“என்னமோ சத்தம் கேட்டுச்சு.”

“வண்டின்னா சத்தம் போடத்தான செய்யும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஏறி ஓட்டினான். அன்றைக்கு மறுபடி கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அவன் அதை மறந்துபோகிற நேரத்தில், அதே மேட்டில், மறுபடியும் ‘கடுக்’.

கருத்தக்கண்ணனின் ஊர் செக்கானூரணிக்குத் தெற்கே உள்ள கரட்டுப்பட்டி. எழுபதுகளின் கடைசி அது. தொடர்ந்து மழை இல்லாமல் மேற்கே கிணறுகளெல்லாம் பாறை தெரியக் கிடந்தன. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்திருந்தது. அங்கே நடவுக்கு ஆள் போதவில்லை. இங்கே ஆளுக்கு வேலை இல்லை. இரண்டுக்கும் நடுவில் மதுரை நகரம் கிடந்தது. ஊரிலிருந்து நடந்து, பஸ் பிடித்து, ஆரப்பாளையத்தில் இறங்கி, மறு பஸ் மாறி, அப்புறம் வயல் வரை நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த நேரத்துக்குப் போனால் யாரும் வயலில் இறக்க மாட்டார்கள்.

கருத்தக்கண்ணன் முன்பு ஓர் அரிசி ஆலையில் டிரைவராக இருந்தவன். ஆலைக்காரர் ஓட்டி ஓட்டிக் கழித்துப்போட்ட பிக்கப் வண்டியை அவனே வாங்கி, வைக்கோலும் செங்கலும் குப்பையும் ஏற்றிப் பிழைத்துவந்தான். மழை நின்றதும் அந்தச் சவாரிகளும் நின்றன. வண்டி வேப்ப மரத்தடியில் கிடந்தபோதுதான் முத்துத்தாய் வந்து கேட்டாள். அவள் நடவுக்கூட்டத்துக்குத் தலைவி. பேச்சிலும் நடையிலும் வேகம்.

“ஏப்பா கருத்தக்கண்ணா, இதச் சும்மா போட்டுக் காக்காய்க்குக் கூடு கட்டவா வச்சிருக்க? எங்களக் கொண்டுபோய் மேலூர்ல விடு. கூலியில ஒனக்கும் பங்கு தாரோம்.”

அன்றிலிருந்து விடியுமுன்னே வண்டி கிளம்பிவிடும். பின்னால் இருபது பெண்கள் வரை ஏறுவார்கள். அவர்களில் அவன் மனைவி அழகம்மாளும் ஒருத்தி. காளவாசல் வரும்போது டீக்கடைகளில் பாட்டுப் போட்டிருப்பார்கள். ஒத்தக்கடை தாண்டும்போது வானம் வெளுக்கும். சாயங்காலம் முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு திரும்புவார்கள். கரட்டுப்பட்டியில் அந்த நடவுப் பருவத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த வண்டியால்தான்.

அதனால்தான் அந்தச் சத்தம் அவனை அப்படிப் பிடித்துக்கொண்டது.

காளவாசலில் சுலைமான் பாய்க்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. கருத்தக்கண்ணன் ஆலையில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். பாய் அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். பெண்களை வயலில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்து நின்றான்.

“எப்பக் கேக்குது?”

“மேட்டுல ஏறயில.”

“எல்லா மேட்டுலயுமா?”

“இல்ல பாய். அந்த ஒரு மேட்டுல. அதுவும் எப்பவும் இல்ல. செல நாளு ஊரு எல்லைப் பள்ளத்துலயும் கேக்குது.”

பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கினார், மேட்டில் ஏற்றினார். வண்டி வாயைத் திறக்கவில்லை.

“வெண்ணெய்யா ஓடுதே மாப்ள.”

“ஒங்ககிட்ட வந்தா அடங்கிருது. டாக்டரப் பாத்ததும் காச்சல் விட்டாப்ல.”

பாய் சிரித்தார். இருந்தாலும் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பைக் கழற்றிப் பார்த்து, கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று புதிதாகப் போட்டார். மறுநாள் மேட்டில் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கருத்தக்கண்ணன் திரும்பும் வழியில் ஷெட்டில் நிறுத்தி, பாய்க்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கு மறுநாள் காலையில் ‘கடுக்’.

பிறகு வில்பட்டைகளின் புஷ் மாற்றினார்கள். சைலன்சரைப் பிடித்திருந்த கிளாம்பை இறுக்கினார்கள். பின்பாடிக்கு அடியில் இருந்த போல்ட் ஒவ்வொன்றையும் பாய் தாமே படுத்து முடுக்கினார். பாரம் ஏற்றினால் கேட்குமோ என்று பக்கத்துக் கடையில் சிமென்ட் மூட்டைகளைக் கேட்டு வாங்கி, கேபினை ஒட்டி வரிசையாக அடுக்கி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை. மூட்டைகளை மறுபடி இறக்கிக் கொடுத்துவிட்டு, பாய் கையைத் துணியில் துடைத்தபடி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“மாப்ள, கோவிச்சுக்காத. ஒங் காதுல ஏதும் கோளாறு இருக்கா?”

மனிதர் கிண்டலுக்குக் கேட்டிருந்தால் கருத்தக்கண்ணன் பதில் சொல்லியிருப்பான். அவர் நிஜமாகவே கேட்டார்.

ஆரப்பாளையத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினான். அவர் பானெட்டைத் திறந்து, இஞ்சின் ஆடுகிறது, அதுதான் என்றார். இஞ்சினைத் தாங்கும் காலுக்கு ரப்பர் மாற்றினார். சத்தம் போகவில்லை. அழகம்மாள் ஊர்க் கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து நான்கு சக்கரத்துக்கும் வைத்தாள். நசுங்கிய பழத்தின் ஈரம் டயரில் காய்வதற்குள் ஊர் எல்லைப் பள்ளத்தில் ‘கடுக்’ என்றது. பின்னால் இருந்து முத்துத்தாய் கத்தினாள்: “சாமிக்கே பதில் சொல்லுதுடீ வண்டி!”

அவனால் சிரிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் அவன் ஓட்டும்போது எதையும் பார்ப்பதில்லை; கேட்டுக்கொண்டே இருந்தான். சத்தம் கேட்கும் நாளைவிடக் கேட்காத நாள் கொடுமையாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான். வராது. வீட்டில் சோறு போட்டுக்கொண்டு அழகம்மாள் ஏதாவது சொல்வாள். அவன் ம் கொட்டுவான். என்ன சொன்னேன் சொல்லு என்று அவள் கேட்டால் விழிப்பான். பக்கத்து வீட்டில் கட்டில் கிறீச்சிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

“இங்க பாருய்யா,” என்றாள் அழகம்மாள் ஒரு நாள். “வண்டி ஓடுதா?”

“ஓடுது.”

“பெறகு என்ன? ஓடுறத ஓட விடு.”

“நீயும் பின்னாடிதான் ஒக்காந்து வார. ஒனக்குக் கேக்கலயா?”

“கேக்கத்தான் செய்யுது.” அவள் குரல் தணிந்தது. “கேட்டா என்ன செய்யச் சொல்ற? எறங்கியா நிக்க?”

அவளுக்கும் கேட்கிறது என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. மறுநாள் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால், அவன் பின்னால் வந்து பெண்களிடமே கேட்டான். எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எலி சாக்கைக் கடிக்கிறாப்ல என்றாள் ஒருத்தி. இடுப்பு எலும்பு சொடுக்கு விடுறாப்ல என்றாள் இன்னொருத்தி. பலகையில் கை வைத்திருந்தால் உள்ளங்கையில் சுருக்கென்று ஏறும் என்றாள் செல்லத்தாய்.

“இம்புட்டு நாளும் ஏன் சொல்லல?”

“நீ கேட்டியா?” என்றாள் முத்துத்தாய். “மூட்டைய ஏத்தி ஓட்டிப் பாத்தேங்குற. மூட்டை வாயத் தொறந்து சொல்லுமா? அந்தப் பாய ஒரு நாளு எங்க கூட ஏத்திக் கூட்டிட்டு வா. நாங்க என்ன கடிச்சா திங்கப்போறோம்?”

சுலைமான் பாய் முதலில் மாட்டேன் என்றார். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் எப்படி உட்காருவது என்று கூச்சம். ஆனால் அந்தச் சத்தம் இப்போது அவருக்கும் ஒரு ரோஷமாகியிருந்தது. பழைய பாகங்களையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டும் போகாத சத்தம். அவர் செய்த வேலை அத்தனையும் வீண் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விடியுமுன் காளவாசல் முனையில், கைலியை மடித்துக் கட்டி, ஸ்பேனர் பையோடு நின்றார்.

பெண்கள் ஒதுங்கி மூலையில் இடம் கொடுத்தார்கள். அவர் சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

“பாய், சாப்பிட்டீகளா? கம்மங்கூழு இருக்கு,” என்றாள் ஒருத்தி.

“வேணாம்த்தா.”

“வெக்கப்படுறாரு,” என்று முத்துத்தாய் சொல்ல, வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் அவர் சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் உட்காரும் பின்தொட்டியில் கேபினை ஒட்டிய பாதி காலியாகக் கிடந்தது. பெண்கள் எல்லோரும் வால்பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன்த்தா எல்லாரும் பின்னாடியே குமிஞ்சு கெடக்கீக? முன்னாடி இம்புட்டு எடம் இருக்கே?”

“அங்கனக்குள்ள பலகை சுடும் பாய். அடியில பொகக் கொழாய் போகுதில்ல, ஒக்கார முடியாது. பொகையும் வரும்.”

பாயின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. எழுந்து போய்க் காலியிடத்தில் கை வைத்துப் பார்த்தார். பலகை சுட்டது. அவர் மூட்டைகளை அடுக்கியது அந்த இடத்தில்தான்.

கால்வாய் மேடு வருவதற்கு முன்னால் கேபினைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். தொட்டியின் நடுவில் இரண்டு பலகைகளின் போல்ட்டைக் கழற்றி, பலகைகளைத் தூக்கி ஓரமாக வைத்தார். குப்புறப் படுத்து, தலையை அந்தப் பள்ளத்துக்குள் விட்டுக்கொண்டார்.

“நீங்க எப்பவும் ஒக்கார்ற மாதிரியே ஒக்காருங்க. மாப்ள, மெதுவா ஏத்து.”

வண்டி கோணலாக மேட்டில் ஏறியது. ‘கடுக்.’

“நிப்பாட்டு.”

வண்டி நின்றது. பாய் எழுந்திருக்கவில்லை. கருத்தக்கண்ணன் இறங்கிப் பின்னால் ஓடிவந்தான்.

“பாய்? தெரிஞ்சதா பாய்?”

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் புழுதி. “நீ படு. நான் ஓட்டுறேன்.”

கருத்தக்கண்ணன் படுத்துப் பார்த்தான். கேபினுக்குப் பின்னால், வண்டியின் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் சேசிஸ் இரும்பு தெரிந்தது. இரண்டு பக்கமும் ஓடும் அந்த இரும்பில், இடது பக்கத்தில், எப்போதோ யாரோ ஒரு தகட்டை ரிவெட் அடித்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். தகட்டின் மேல் எண்ணெயும் மண்ணும் அப்பி மறைத்திருந்தன. பாய் வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி மேட்டில் ஏற்றினார். தகட்டின் ஓரத்தில் இருந்த மண் ஒரு கோடாக வெடித்தது. அந்தக் கோடு அகன்றது. உதடு பிரிவதுபோல இரும்பு பிரிந்து, நகக்கண் அளவு இடைவெளி வழியாகக் கீழே பாதையின் செம்மண் தெரிந்தது. சக்கரம் மேட்டைத் தாண்டியதும் இரண்டு உதடும் ஒன்றையொன்று உரசி மூடிக்கொண்டன. ‘கடுக்.’

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து பார்த்தார்கள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள் முத்துத்தாய். நிஜமாகவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. “இந்தக் கீறலுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? பாய், பத்த வச்சு ஒட்டிருங்க.”

பாய் ஸ்பேனர்களைப் பையில் போட்டார். “நேரமாச்சு, நீங்க வேலைக்குப் போங்கத்தா. நடந்தே போயிருங்க,” என்றார்.

பெண்கள் பாலத்தைத் தாண்டி வரப்பில் இறங்கிப் போன பிறகு, இருவரும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

“எடது பக்கம் அறுந்தே போச்சு மாப்ள. அந்த ஒட்டுத் தகடுதான் பிடிச்சு வச்சிருக்கு. வலது பக்கமும் ஆரம்பிச்சிருச்சு. பாரம் முன்னாடி இருந்தா வாய மூடிக்கிட்டுக் கெடக்கும். வால்ல ஏறுனா தொறக்குது. அதுவும் ஒரு சக்கரம் மேல, ஒரு சக்கரம் கீழ நின்னாத்தான். அதான் நமக்கு ஆட்டங்காட்டிருச்சு.”

“வெல்டிங் வச்சா?”

“வைக்கலாம். வச்சும் தாரேன். ஆனா பக்கத்துல வெடிக்கும். இரும்பு சலிச்சுப் போச்சு. எம்புட்டு வருசம், எம்புட்டு மூட்டை. அதுக்கு மேல தாங்கல.”

“வேற சேசிஸ் போட்டா?”

“இந்த வண்டிக்கு எங்க போய்த் தேடுவ? கெடச்சாலும் இந்த மாதிரி செத்த வண்டிலருந்து கழட்டுனதாத்தான் இருக்கும்.” பாய் ஈரக் கையைக் கைலியில் துடைத்தார். “வைக்கோல ஏத்து. காலிப் பீப்பாய ஏத்து. ஆள ஏத்தாத மாப்ள. ஓடயில ரெண்டாப் பிரிஞ்சுச்சுன்னா பின்னாடி இருக்கறவுகள அள்ளித்தான் எடுக்கணும்.”

இத்தனை நாளும் கருத்தக்கண்ணன் வேண்டியதெல்லாம், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட வேண்டும் என்பதுதான். தெரிந்தால் சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருந்தான். தெரிந்தும் கை கட்டி உட்காரும்படி ஆகும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

சாயங்காலம் பெண்களை வண்டியில் ஏற்றவில்லை. மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். சேற்றுக் காலோடு இத்தனை பேர் ஏறுவதைப் பார்த்துக் கண்டக்டர் முகம் சுளித்தார். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு, பாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே மதுரை வரை வந்தான். பஸ் ஜன்னலில் அழகம்மாளின் முகம் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாய் இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்து, மேலே கனமான பட்டையும் அடித்துக் கொடுத்தார். கூலி என்று ஒன்றும் வாங்கவில்லை. வண்டி ஊருக்கு வந்த மறுநாள் காலையில், எப்போதும்போலப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

கருத்தக்கண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“எறங்குங்க. ஆள ஏத்தக் கூடாதுன்னு பாய் சொல்லிட்டாரு.”

யாரும் அசையவில்லை.

“பத்த வச்சாச்சுல்ல?” என்றாள் முத்துத்தாய்.

“பத்த வச்சாலும் தாங்காதுக்கா. பக்கத்துல வெடிக்கும்.”

“வெடிக்கயில பாத்துக்கலாம்.”

“வெடிக்கயில நீங்க அதுக்கு மேல ஒக்காந்திருப்பீக!”

“இம்புட்டு நாளும் எது மேல ஒக்காந்து போனோம்? அப்பவும் அது அறுந்துதான கெடந்துச்சு? தெரியாம இருக்கயில கொண்டுபோன. தெரிஞ்சதும் எறங்கச் சொல்ற. எங்களுக்கு என்ன மாறிப்போச்சு? வயித்துல ஏதும் மாறிப்போச்சா?”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அழகம்மாள் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயாவது எறங்கு அழகம்மா.”

“நான் எறங்கிட்டா மத்தவுக எறங்கிருவாகளா?” என்றாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொல்வதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி, “நீ அந்தப் பாயக் கூட்டிட்டு வராமலே இருந்திருக்கலாம்” என்றாள்.

செல்லத்தாய்தான் முதலில் இறங்கினாள். அவளுக்கு மூன்று மாதம் என்று பெண்களுக்கு மட்டும் தெரியும். அவள் இறங்கியதும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். முத்துத்தாய் மட்டும் வேப்ப மரத்தடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க யோசித்து அவன் ஒரு வழி கண்டான். பாதிப் பேர், அதுவும் கேபினை ஒட்டி, சுடாமல் இருக்கப் பலகை மேல் வைக்கோலும் ஈரச் சாக்கும் போட்டு. மேடு வந்தால் இறங்கி நடந்துவிட வேண்டும். பாயிடம் சொல்லவில்லை. யார் போவது என்று முத்துத்தாய் பிரித்துக் கொடுத்தாள். அதிலேயே இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சண்டை வந்தது.

அவன் கட்டைவண்டி வேகத்தில் ஓட்டினான். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தினான். பெண்கள் இறங்கி நடந்தார்கள், மறுபடி ஏறினார்கள். காளவாசலைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனான், பாய் கண்ணில் படாமல் இருக்க. மேலூர் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. வயல் நிறைய வேறு பெண்கள் குனிந்திருந்தார்கள். பண்ணைக்காரர் வரப்பில் குடையோடு நின்றார்.

“ரெண்டு நாளா ஒங்கள எதிர்பாத்து நாத்து வாடிப்போச்சுத்தா. இதுக்கு மேல என்னால காத்திருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

பெண்கள் கொண்டுவந்த கூழை வரப்பிலேயே குடித்தார்கள். திரும்பும் வழியில், ஒத்தக்கடைக்கு இந்தப் பக்கம், சமதளமான தார்ச்சாலையில், மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், ‘கடுக்’ என்றது. கருத்தக்கண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். கீழே படுத்துப் பார்த்தான். பாய் வைத்த வெல்டிங் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, வலது பக்க இரும்பில், புதிதாகக் கோடு ஒன்று ஓடியிருந்தது.

அவன் எழுந்து வந்து கேபின் படியில் உட்கார்ந்தான். முத்துத்தாய் வந்து பக்கத்தில் நின்றாள்.

“வெடிச்சிருச்சா?”

தலையை ஆட்டினான்.

“சரி விடு,” என்றாள். “நீ என்ன செய்வ. ஏத்தா, எல்லாரும் எறங்குங்க. பஸ்ஸுக்கு நடப்போம்.”

வண்டி சுலைமான் பாய் ஷெட்டின் பின்பக்கம் போய் நின்றது. பாய் வேறு சேசிஸ் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். விருதுநகர்ப் பக்கம் ஒன்று இருப்பதாகக் கேள்வி என்றார். அப்புறம் அது வேறு யாருக்கோ போய்விட்டது என்றார். கருத்தக்கண்ணன் முதலில் அடிக்கடி போய்ப் பார்த்தான். பார்த்துவிட்டு, இருவரும் டீ குடித்துவிட்டு, அவன் திரும்பிவிடுவான். பிறகு போவதைக் குறைத்துக்கொண்டான்.

ஊரில் ஒரு வாரத்துக்குள் மலையாண்டி வந்துவிட்டான். பக்கத்து ஊர்க்காரன், ஒரு பண்ணையின் டிராக்டரை ஓட்டுகிறவன். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வேறொரு பண்ணையில் நடவு பேசியிருந்தான். பிக்கப்பைவிட மெதுவாகப் போகும். அதனால் இன்னும் இருட்டோடு கிளம்ப வேண்டும். அதனால் என்ன, எல்லோருக்கும் இடம் இருந்தது. அழகம்மாளும் போனாள். செல்லத்தாயும் போனாள்.

கருத்தக்கண்ணன் வேலை தேடி ஆரப்பாளையத்து லாரி ஆபீஸ்களில் ஏறி இறங்கினான். அந்தப் பஞ்சத்தில் டிரைவர்களே கிளீனர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐப்பசி பிறந்த பிறகு ஒரு நாள் அழகம்மாள் சொன்னாள்: “நாத்துப் பறிக்க ஆம்பளையாளு வேணுமாம். வாரியா?”

மறுநாள் அவனும் தூக்குச்சட்டியோடு போய் நின்றான். பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் புத்தி போகவில்லை. ஏறுவதற்கு முன்னால் டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்க்கும் கொக்கியின் பக்கம் போய்க் குனிந்தான். கொக்கியில் கனத்த இரும்பு முளை செருகியிருந்தது. அந்த முளை மேலே எழும்பி டிரெய்லர் கழன்றுவிடாமல் தடுக்கும் பூட்டு இல்லை. பூட்டு மாட்டும் ஓட்டையில் ஒரு கம்பியை நுழைத்து முறுக்கிவிட்டிருந்தார்கள். கம்பி பாதி தேய்ந்திருந்தது.

“மாப்ள,” என்று மலையாண்டியைக் கூப்பிட்டான். “இதுக்குப் பூட்டு போடலயா?”

“கம்பி கட்டிருக்குல்லண்ணே.”

“கம்பி தேஞ்சுபோச்சு.”

“ரெண்டு வருசமா அப்பிடித்தான்ணே ஓடுது. ஏறுங்க, நேரமாச்சு.”

கருத்தக்கண்ணன் டிரெய்லரின் மேலே பார்த்தான். முத்துத்தாய், செல்லத்தாய், அழகம்மாள், மற்ற எல்லோரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். அவன் கொக்கியருகே குனிந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஒருத்தரும் என்ன என்று கேட்கவில்லை. அழகம்மாள் மட்டும் அவன் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தாள்.

வேலிப் படலில் சுற்றியிருந்த ஒரு துண்டுக் கம்பியை அவிழ்த்து எடுத்துவந்தான். தேய்ந்த கம்பியின் மேலேயே அதையும் சேர்த்துக் கையால் முறுக்கினான். நுனி விரலில் குத்தி ரத்தம் வந்தது. அவனால் முடிந்தது அவ்வளவுதான். மலையாண்டி இஞ்சினை முடுக்கிவிட்டான்.

செல்லத்தாய் கால்களை மடக்கி அவனுக்கு இடம் கொடுத்தாள். அவன் ஏறி, அழகம்மாளுக்கும் முத்துத்தாய்க்கும் நடுவில் உட்கார்ந்தான். டிரெய்லர் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. முத்துத்தாய் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கினாள்.